தெட்சணாமூர்த்தியின் தவில்: கதை பேசியது போதும், இனிக் கேட்போம்

"இண்டைக்கு ஸ்பெஷல் தவில் ஆர்?"

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் இரவுத் திருவிழாவுக்குப் புறப்படுகிறவர்கள் படலை தாண்டுமுன் கேட்கிற கேள்வி இது. எந்த ஊர் நாதஸ்வரம், எத்தனை கூட்டம் மேளம் என்பதெல்லாம் நோட்டீசில் இருக்கும். இருந்தாலும் தவில் யார் என்பதை வாய்விட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டால்தான் மனம் ஆறும். "தெட்சணாமூர்த்தி" என்று பதில் வந்துவிட்டால் அன்றைக்கு நித்திரை இல்லை. விடியும்வரை இருக்கிற ஏற்பாட்டோடுதான் வீட்டிலிருந்து இறங்குவார்கள்.

ஒரு மேளக் கூட்டத்தில் வழக்கமாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். சுருதிக்கும் தாளத்துக்கும் ஆட்கள் இருப்பார்கள். பலகாலம் சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். பெரிய திருவிழா, பெரிய இடத்துக் கலியாணம் என்றால் இந்தக் கூட்டத்துக்கு மேலதிகமாக, பேர்பெற்ற ஒரு தவில்காரரைத் தனியாகப் பேசி அழைப்பார்கள். அவர்தான் ஸ்பெஷல் தவில். மேற்கத்திய ரொக் இசைக்குழுவில் லீட் கிட்டார் வாசிப்பவருக்கு உள்ள இடம் இது. பாட்டு ஓரிடத்தில் விலகி வழிவிடும், அவர் முன்னுக்கு வருவார், கூட்டம் அந்தச் சில நிமிடங்களுக்காகவே காத்திருக்கும். யாழ்ப்பாணத்து மேளச்சமாவில் அந்த இடத்தை வைத்திருந்தது தவில். அந்த இடத்தில் இருந்தவர்களில் முதல்வர் தெட்சணாமூர்த்தி என்பதில் கேட்டவர்களுக்கு இரண்டு கருத்து இருந்ததில்லை.

அவருக்கு வழங்கிய பட்டம் "லயஞான குபேர பூபதி". அவர் வாழ்ந்தது 41 வருடம். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இந்த ஐம்பது வருடத்தில் அவரைப் பற்றிய கதைகள் பெருகியிருக்கின்றன. பிறவி மேதை, தெய்வ அருள், இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை என்ற பேச்சு எந்த மேளக்காரர் கூடுகிற இடத்திலும் வரும். அது அன்பில் வருகிற பேச்சு. ஆனால் பேச்சு மட்டும் மிஞ்சினால் வாசிப்பு மறைந்துபோகும். தெட்சணாமூர்த்தி என்ன வாசித்தார், அதை எப்படிக் கேட்பது, அவரை உருவாக்கியது எது, அவர் வாசிப்பில் எஞ்சியதை யார் காப்பது? இவற்றைக் கேட்கத் தொடங்கினால்தான் அவர் நமக்குத் திரும்பக் கிடைப்பார்.

இணுவில், நாச்சியார்கோவில், அளவெட்டி

1933 ஓகஸ்ட் 26ஆம் திகதி இணுவிலில் பிறந்தார். தந்தை விஸ்வலிங்கம் பேர்பெற்ற தவில் வித்துவான். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கோண்டாவிலைத் தாண்டி வருவது இணுவில். மேளமும் நாதஸ்வரமும் பரம்பரைத் தொழிலாக நிலைத்த ஊர். அப்படிப்பட்ட வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பாடம் என்று ஒரு நாள் பார்த்துத் தொடங்குவதில்லை. காலையில் கண் விழிக்கும்போதே யாரோ தாளச் சொற்கட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை வாயால் திருப்பிச் சொல்லி, தொடையில் தட்டி, பிறகுதான் கை தோலைத் தொடும். வாயில் தெளிவில்லாதது கையில் வராது என்பது அந்த வீடுகளின் சட்டம்.

தந்தையிடம் கற்ற அடிப்படைக்கு மேல் உயர்பயிற்சிக்காகத் தமிழகம் போனார். குரு, நாச்சியார்கோவில் இராகவப்பிள்ளை. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரான நாச்சியார்கோவிலைப் பலருக்குக் கல்கருடனாலும் குத்துவிளக்காலும் தெரியும். தவில் உலகத்துக்கு அது இராகவப்பிள்ளையின் ஊர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம்பிள்ளைக்குப் பின் தவிலுக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தவர்களில் ஒருவர் அவர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே ஓர் இரவுப் பயணம்தான் இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை இந்த வழியால் தமிழகத்து நாதஸ்வர, தவில் வித்துவான்கள் இங்கே திருவிழாக்களுக்கு வந்து போனார்கள். இங்கத்தைய பிள்ளைகள் அங்கே குருகுலத்துக்குப் போய்வந்தார்கள். இந்தப் போக்குவரத்து இல்லாமல் யாழ்ப்பாணத்தின் மேளப் பாரம்பரியத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

திருமணத்துக்குப் பின் தெட்சணாமூர்த்தி குடியிருந்தது அளவெட்டியில். மல்லாகத்திலிருந்து மேற்கே திரும்பினால் வருகிற செம்மண் ஊர் அது. தோட்டக் கிணறுகள், வெற்றிலை, புகையிலை, நடுவே கும்பழாவளைப் பிள்ளையார் கோயில், அருணோதயாக் கல்லூரி. நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனின் ஊரும் இதுதான். கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியும், எழுத்தாளர் அ. ந. கந்தசாமியும் அளவெட்டிக்காரர்கள். இந்த ஊரின் கலை வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. அ. ந. கந்தசாமி 1968இல் போனார். மஹாகவி 1971இல். தெட்சணாமூர்த்தி 1975 மே மாதத்தில். மூவரில் ஒருவரும் 45 வயதைக் காணவில்லை. எட்டு வருடத்துக்குள் ஒரு சிறிய ஊர் இத்தனையை இழந்திருக்கிறது.

தமிழகத்தில் அவர் "யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி". அங்கே கலைஞர்களின் பெயருக்கு முன்னால் அவரவர் ஊர் நிற்கும்: காருக்குறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், வலயப்பட்டி சுப்பிரமணியம். தெட்சணாமூர்த்தியின் பெயருக்கு முன்னால் ஒரு குடாநாடே நின்றது. தஞ்சாவூர் தந்த கலையைக் கற்றுக்கொண்டு போன ஊர், அந்தக் கலையில் தஞ்சாவூர்க்காரரே வியக்கிற ஒருவரைத் திருப்பி அனுப்பியது என்பதற்கு அந்த அடைமொழியே சாட்சி.

தோலும் கழியும் கூடும்

தவிலைக் கிட்ட வைத்துப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். குடைந்த பலாமரம்தான் உடல். இரண்டு பக்கமும் தோல். அந்தத் தோல்களை வளையங்களில் ஏற்றி, வாரால் இழுத்து முறுக்கிக் கட்டுவது பழைய முறை. இப்போது உலோகக் குழாயும் முறுக்காணியும் வந்துவிட்டன. வலந்தலையில் கைவிரல்கள் பேசும். தொப்பி என்கிற மறுபக்கத்தில் கழி பேசும். கழி பெரும்பாலும் பூவரசு. விரல்கள் வெறும் விரல்கள் அல்ல. துணியைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்த கூடுகளை விரல்நுனிகளில் மாட்டிக்கொள்வார்கள். காய்ந்தபின் அவை கல் மாதிரி இருக்கும். இறுக்கிய தோலில் அந்தக் கூடு விழும்போது வருகிற ஓசைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. மூன்று வீதி தள்ளி இருப்பவருக்கும் கேட்கும்.

இந்தப் பலமே தவிலின் சோதனையும் ஆகும். இவ்வளவு சத்தம் தருகிற வாத்தியத்தில் சத்தம் போடுவது லேசு. வேகமாக வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கவேண்டும், அடிக்கும் அடிக்கும் இடையில் இருக்கிற மௌனமும் கேட்கவேண்டும் என்றால், அங்கேதான் மற்றவர்கள் தடுமாறுவார்கள். மிருதங்கக்காரருக்குக் கையின் சதை தோலைத் தொடுகிறது. அமுக்கலாம், தடவலாம், குழைக்கலாம். தவில்காரருக்கு நடுவில் கூடு நிற்கிறது, மறுகையில் கழி நிற்கிறது. அந்த இரண்டு கடினமான பொருளின் வழியாக நயத்தைக் கொண்டுவர வேண்டும்.

தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது வேகத்தை. இருக்கிற பதிவுகளைக் கேட்டால் அந்த வேகம் உண்மை என்று தெரியும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வேகம் அல்ல, வேகத்துக்குள் இருக்கிற தெளிவு. கைகள் பறக்கும்போதும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுவதில்லை. பழைய நாடாவின் இரைச்சலையும் கோயில் வீதியின் ஆரவாரத்தையும் தாண்டி ஒவ்வொரு அடியும் தன் உருவத்தோடு வந்து சேருகிறது. சத்தம் குறைகிற இடங்களைக் கவனியுங்கள். தொப்பியை அடக்கி, வலந்தலையில் விரல்நுனியால் மட்டும் பேசிவிட்டு, கேட்பவர் காதைக் கூர்மையாக்கியதும் திரும்பக் கழியை இறக்குவார். உரத்த வாத்தியத்தில் மெதுவாகப் பேசத் துணிவது பெரிய நம்பிக்கை உள்ளவருக்கே வரும்.

கணக்கை எப்படிக் கேட்பது?

"கணக்கு" என்றாலே பலர் பின்வாங்குகிறார்கள். தேவையில்லை. ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் 32 மாத்திரை. எண்ணிக்கை திரும்பத் தொடங்குகிற முதல் அடி சமம். தவில்காரர் எங்கே அலைந்தாலும் கடைசியில் அந்தச் சமத்தில், அல்லது பாட்டின் எடுப்பில், வந்து இறங்க வேண்டும்.

"ததிங்கிணதொம்" என்ற சொற்கட்டு 5 மாத்திரை. அதை மூன்று தரம் வாசித்தால் 15. 32இல் 15ஐக் கழித்தால் 17. ஆகவே 17 மாத்திரை கழிந்தபின், 18ஆவதில் அதைத் தொடங்கினால் மூன்றாவது தரம் முடிந்ததும் அடுத்த அடி சரியாகச் சமத்தில் விழும். இது அரிச்சுவடி. மாணவன் வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டு வருகிற கணக்கு. இப்போது நான்காகப் பிரித்த ஒவ்வொரு எண்ணிக்கையையும் ஐந்தாகப் பிரியுங்கள்: 40 மாத்திரை, கண்ட நடை. ஏழாகப் பிரித்தால் 56, மிஸ்ரம். ஒன்பதாகப் பிரித்தால் 72, சங்கீர்ணம். கையில் போடுகிற தாளம் மாறாது, காலப்பிரமாணம் அசையாது. உள்ளே ஓடுகிற நடை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, அங்கே சொற்கட்டுகளைக் கோத்து ஒரு கோர்வையை அமைத்து, அதன் முடிவைத் திரும்ப முதல் நடையின் சமத்தில் கொண்டுவந்து சேர்ப்பதென்றால் மனதில் எத்தனை கணக்கு ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று பாருங்கள்.

அதை வீட்டில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்பிப்பவர்கள் உண்டு. அது தவறல்ல. தெட்சணாமூர்த்தியின் புகழ், அந்த நேரத்தில் மனதில் தோன்றியதை அந்த நேரத்திலேயே கையில் கொண்டுவந்ததற்கு. மேளக் கச்சேரியின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. நாதஸ்வரக்காரர் இராகம் வாசிக்கும்போது ஒரு பிடியை முடித்து மூச்சு எடுக்க நிறுத்துவார். அந்த இடைவெளியைத் தவில் நிரப்பும். தாளக் கட்டுக்குள் இன்னும் வராத இராகத்துக்கு நடுவே, நாதஸ்வரம் விட்ட இடத்தின் உணர்ச்சியை எடுத்து லயமாகச் சொல்லிவிட்டுத் திரும்ப நாதஸ்வரத்திடம் கொடுக்க வேண்டும். வாய்ப்பாட்டுக் கச்சேரியில் ஆலாபனையின்போது மிருதங்கம் பேசாமல் இருக்கும். பெரிய மேளம் என்கிற நாதஸ்வர, தவில் கச்சேரியில் தவில் பேசும். ஆகவே நல்ல தவில்காரர் என்பவர் நல்ல இராக ஞானமுள்ள ரசிகராகவும் இருந்தே ஆகவேண்டும். தெட்சணாமூர்த்தியின் தனி ஆவர்த்தனத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்கிறவர்கள் இந்தப் பாதி அழகை விட்டுவிடுகிறார்கள். நாதஸ்வரத்தோடு முழுதாகக் கேட்டால்தான் அவர் எங்கே பேசாமல் இருந்தார் என்பதும் தெரியும்.

வளர்த்தவர்கள் வீதியில் இருந்தார்கள்

அவரை மேதை என்கிறோம். அந்த மேதைக்கு விடியும்வரை களம் அமைத்தவர்கள் யார்?

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் அன்றைய செலவை ஏற்கிற ஓர் உபயகாரருடையது. நல்லூரில் 25 நாள் திருவிழா. சின்னக் கோயில்களிலும் பத்து, பன்னிரண்டு நாள். தன் திருவிழா பக்கத்து வீட்டார் திருவிழாவைவிடச் சிறக்க வேண்டும் என்ற போட்டி இருந்தது. சப்பறம், மின்சார அலங்காரம், வாணவேடிக்கை என்று பலவற்றில் அந்தப் போட்டி நடந்தாலும், மேளத்தில் நடந்த போட்டிதான் கலைஞர்களுக்கு வாழ்வு கொடுத்தது. "அவையள் நாலு கூட்டம் பிடிச்சால் நாங்கள் எட்டுக் கூட்டம் பிடிப்பம்" என்கிற ரோசத்தில் ஒரே இரவில் பல கூட்டங்கள் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து வாசித்தன. சுவாமி வெளிவீதி வரும்போது ஒவ்வொரு வீதியிலும் மேளம் நின்று வாசிக்கும். ஒரு கூட்டம் எடுத்ததை இன்னொரு கூட்டம் தொடரும். அந்தச் சூழலில் பாடமாக்கிய நாலு கோர்வையோடு தப்ப முடியாது.

பணம் எங்கிருந்து வந்தது? 1970க்குப் பின் இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கியபோது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கிய வருடங்கள் அவை. அளவெட்டி, இணுவில், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் எல்லாம் அந்த மண்தான். அந்தக் காசில் ஒரு பங்கு கோயிலுக்கும், கோயிலின் வழியாக மேளத்துக்கும் போனது. பகலெல்லாம் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியவர்கள் இரவில் வீதி மணலில் இருந்து தொடையில் தாளம் போட்டார்கள். சங்கீதம் படித்தவர்கள் இல்லை. ஆனால் தவில் சமத்தில் இறங்கினால் அவர்கள் தலையும் இறங்கும், இறங்காவிட்டால் முகம் மாறும். கோயில் வீதியே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அப்படி ஒரு சபை முன்னால் இருந்தால் வாசிப்பவர் நேற்று வாசித்ததை இன்று வாசிக்க முடியாது. தெட்சணாமூர்த்தியை வளர்த்ததில் குருவுக்கு உள்ள பங்குக்குக் குறையாத பங்கு இந்த ரசிகர்களுக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

மேடையில் மாலை, வெளியில்?

இதே சமூகம் இந்தக் கலைஞர்களை எப்படி நடத்தியது என்பதையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இராது. கோயிலுக்கு மேளம் இல்லாமல் பூசை இல்லை, கலியாணத்துக்குக் கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறாது. மங்கலத்துக்கு இவர்கள் வேண்டும். ஆனால் சாதி அடுக்கில் இவர்களுக்கு ஒதுக்கிய இடம் வேறு. பொன்னாடை போர்த்திக் கும்பிட்டவர்கள்தான் வீட்டுப் பந்தியில் வேறு கணக்குப் பார்த்தார்கள். தமிழகத்தில் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை கிராப்பு வெட்டி, செர்வானி போட்டு, நிமிர்ந்த நடையோடு சபைக்கு வந்ததை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் அதற்குப் பின்னால் இருந்த அவமானங்களின் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். நாதஸ்வரக்காரர் சட்டை போடக்கூடாது, நின்றுதான் வாசிக்க வேண்டும் என்று இருந்த வழமைகளுக்கு அது பதில்.

நாதஸ்வரத்துக்காவது இராகம் இருக்கிறது, தவில் வெறும் பக்கவாத்தியம் என்ற எண்ணம் அதற்கும் கீழே ஓர் அடுக்கு. ஸ்பெஷல் தவிலுக்காகச் சனம் திரள்கிற நிலைமை அந்த அடுக்கைக் கலைத்தது. தவில்காரரின் பெயரைக் கேட்டுக் கூட்டம் வருகிறது என்றால் சன்மானமும் மரியாதையும் கேட்டுப் பெறுகிற தெம்பு தவில்காரருக்கு வருகிறது. பின்னாளில் வலயப்பட்டி சுப்பிரமணியமும் அரித்துவாரமங்கலம் பழனிவேலும் தவிலைக் கோயிலுக்கு வெளியே உலக மேடைகளுக்குக் கொண்டுபோனபோது அந்த வழியில் ஏற்கெனவே கால் பதித்தவர்களில் ஒருவர் தெட்சணாமூர்த்தி.

பதிவாகாத இரவுகள்

1969 ஓகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் வூட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மின்கிட்டாரோடு ஏறினார். அடுத்த வருடம் செப்டம்பரில் இறந்துபோனார், வயது 27. ஆனால் அன்று காலை அவர் வாசித்த ஒவ்வொரு ஸ்வரமும் இன்று நம் கையில் இருக்கிறது. பல தடங்களில் ஒலிப்பதிவு செய்தார்கள், படம் பிடித்தார்கள், இசைத்தட்டாக வெளியிட்டார்கள். உலகத்தில் எந்த மூலையில் ஒரு பிள்ளை கிட்டாரை எடுத்தாலும் அந்த வாசிப்பைக் கேட்டு, நிறுத்தி, திரும்பக் கேட்டுக் கற்க முடியும்.

அதே 1969இல் யாழ்ப்பாணத்திலும் திருவிழாக் காலம் நடந்தது. 36 வயதுத் தெட்சணாமூர்த்தி கோயில் கோயிலாக வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டாரும் இங்கே வந்திருந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அதோடு தமிழ்த் துள்ளிசை பாடத் தொடங்கிய காலம். ஏ. ஈ. மனோகரனின் பாட்டுகள் பின்னர் கடல் தாண்டிப் போயின. பாட்டுக்கு இசைத்தட்டு உண்டு, வானொலி உண்டு. விடியவிடிய நடக்கிற மேளச்சமா எந்த இசைத்தட்டிலும் அடங்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது வீதியில் இருந்திருக்க வேண்டும்.

அங்கேதான் காலம் நம்மை ஏமாற்றியது. வெங்காயத்துக்கு விலை தந்த அதே இறக்குமதிக் கட்டுப்பாடு ஒலிப்பதிவுக் கருவிகளையும் நாட்டுக்குள் அரிதாக்கியது. ஸ்பூல் நாடாக் கருவி வைத்திருந்தவர்கள் சிலர்தான். கசெட் கருவிகள் வீடுவீடாக வந்தது 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவரத் தொடங்கிய பிறகு. தெட்சணாமூர்த்தி அதற்கு இரண்டு வருடம் முன்னரே போய்விட்டார். திருவிழாக்களுக்குப் பணம் நிறைந்திருந்த வருடங்களில் நாடாக்கள் இல்லை. நாடாக்கள் வந்தபோது அவர் இல்லை.

பதிவானதிலும் எவ்வளவு தங்கியது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990க்குப் பின் பலாலி, காங்கேசன்துறைப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நடையில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் காணி உறுதிகளையும் காப்பாற்றத்தான் கை போதும். அலுமாரியில் இருந்த நாடாக்களை யார் எடுப்பார்கள்? திரும்பி வந்தபோது பல வீடுகளில் அலுமாரியே இல்லை. இன்று நாம் கேட்கக்கூடிய அவருடைய பதிவுகள், ரசிகர்கள் தங்கள் ஆசைக்காகப் பிடித்து, ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் கொண்டுபோய்ப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் காத்தவை. அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கிற கடன் பெரியது.

2015இல் அம்ஷன் குமார் தெட்சணாமூர்த்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். கி. ராஜநாராயணனின் "கிடை"யை "ஒருத்தி"யாகப் படமாக்கிய தமிழக இயக்குநர். அந்த ஆவணப்படம் இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த கலை, பண்பாட்டுப் படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்டது. ஒரு யாழ்ப்பாணத்துத் தவில்காரரின் வாழ்க்கை இந்தியாவின் தேசிய விருதுவரை போனது நமக்குப் பெருமை. 40 வருடம் கழித்தாவது ஒருவர் வந்து, எஞ்சியிருந்த நினைவுகளையும் ஒலிகளையும் ஒன்றுசேர்த்தாரே என்று நன்றியோடு நினைக்கிறேன். அதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தால் அது நம் பிழை.

இனிச் செய்ய வேண்டியது

முதல் வேலை, நாடாக்கள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பழைய பெட்டிகளுக்குள் இன்னும் இருக்கின்றன. காந்தத் துகள் உதிரத் தொடங்கிய நாடாவை வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒருமுறை ஓட்டுவதே அதைக் கெடுத்துவிடலாம். எண்ணிம வடிவத்துக்கு மாற்றத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. கொடுக்கும்போது ஒலியை மட்டும் கொடுக்காமல், எந்தக் கோயில், எந்த வருடம், யாருடைய திருவிழா, நாதஸ்வரம் யார், கூடத் தவில் யார் என்று தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள். இந்த விபரம் இல்லாத பதிவு பாதிப் பதிவு. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இது பொறுக்கிற வேலை அல்ல.

இரண்டாவது, பாடம். அவருடைய தனிகளைச் சொற்கட்டாக எழுதி, நடை பிரித்து, எந்த இடத்தில் எந்தக் கணக்கு என்று விளக்கி வைக்க வேண்டும். தவில் கற்கும் பிள்ளைக்கு அதுதான் உண்மையான தெட்சணாமூர்த்தி. "அவரைப்போல ஒருவர் வரமுடியாது" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படும் பிள்ளை முயலவே பயப்படும். "அவர் இந்த இடத்தில் இப்படிச் செய்தார், நீ என்ன செய்வாய்?" என்று கேட்டு வளர்க்கப்படும் பிள்ளைக்கு ஒரு வழி திறக்கும்.

மூன்றாவது எல்லோராலும் ஆகக்கூடியது. இன்றும் யாழ்ப்பாணத்தில் இளம் தவில்காரர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சினிமாப் பாட்டை மட்டும் கேட்டு, நேரத்தைச் சுருக்கி, தனி தொடங்கியதும் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகிற சபை தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்ல உரித்தில்லாதது. உபயகாரர்கள் மேளத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும், உரிய சன்மானம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னுக்கு இருத்தித் தாளம் போடக் காட்டிக்கொடுக்க வேண்டும். கணக்குத் தெரிந்த சபை வந்து இருந்தால் கணக்குத் தெரிந்த தவில் தானாக எழும். 1933இல் இணுவிலில் பிறந்த ஒரு பிள்ளைக்கு யாழ்ப்பாணம் அதைச் செய்தது. இன்று தவில் பழகுகிற பிள்ளைகளுக்கும் அதைச் செய்ய நம்மால் முடியும், செய்தாக வேண்டும்.